முதலில் குனிந்து பாருங்கள்

பழைய மினி காரைக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் எனக்கு முதலில் காட்டுவது அதன் பெயின்ற்றை. பேர்மிங்காமில் கார் திருத்துகிற நான் முதலில் பார்ப்பது அதன் அடிப்பக்கத்தை. காரைத் தூக்கி நிறுத்தி, ரோர்ச் லைற்றோடு கீழே போய், முன் சப்பிரேம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பேன். அந்தக் கார் தெருவில் ஓடத் தகுந்ததா என்பதை அந்த இரும்புதான் சொல்லும்.

சப்பிரேம் என்பது காரின் உடம்புக்கு அடியில் போல்ட் போட்டுப் பூட்டிய தனிச் சட்டம். தகட்டை அழுத்தி வளைத்து, வெல்டிங் செய்து உருவாக்கியது. மினியின் எஞ்சினும் கியர்பெட்டியும் முன் சப்பிரேமில்தான் உட்கார்ந்திருக்கின்றன. முன் சில்லுகளைப் பிடித்திருக்கும் கைகள், பள்ளந்திட்டியில் விழும் அடியை வாங்கும் றப்பர் கோன்கள் எல்லாம் அதிலேயே பூட்டப்பட்டிருக்கின்றன. வளைவில் திரும்பும்போதும், பிறேக்கை அழுத்தும்போதும் சில்லில் வரும் விசை முழுவதும் இந்தச் சட்டத்தின் வழியாகத்தான் உடம்புக்குப் போகிறது.

இந்தச் சட்டம் மினிக்குள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1956இல் சூயஸ் நெருக்கடி வந்து, பிரித்தானியாவில் பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிலை ஏற்பட்டது. குறைந்த பெற்றோலில் நாலு பேர் போகக்கூடிய சின்னக் கார் வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கோர்ப்பரேஷனின் தலைவர் லெனர்ட் லோர்ட் கேட்டார். அலெக் இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பி வைத்து, கியர்பெட்டியை அதன் அடியில் சேர்த்து, மூன்று மீற்றரை ஒட்டிய நீளத்தில் ஒரு காரை உருவாக்கினார். றப்பர் கோன்கள் அவருடைய நண்பர் அலெக்ஸ் மோல்ரனின் வேலை. முதலில் செய்த மாதிரிக் கார்களில் சப்பிரேம் இல்லை. சோதனை ஓட்டத்தில் உடம்புத் தகடு அடி தாங்காமல் வெடித்தது. அதன் பிறகுதான் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று சப்பிரேம்கள் சேர்ந்தன. 1959 ஓகஸ்ட் மாதம் சந்தைக்கு வந்த அந்தக் கார், 2000 ஒக்ரோபர் வரை 53 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது.

யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனர்கள் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 1948இல் வந்த அந்தக் காரும் இசிகோனிஸ் வரைந்ததுதான். அங்கே கடற்காற்று உண்டு, மாரி மழை உண்டு. தெருவில் உப்புக் கொட்டுகிறவர் யாரும் இல்லை. இங்கே குளிர்காலம் தொடங்கியதும் லொறிகள் இரவிரவாகத் தெருவெங்கும் கல்லுப்பைத் தூவிக்கொண்டு போகும். செஷயரில் வின்ஸ்ஃபோர்ட் என்ற ஊரில் 1844இல் கண்டுபிடித்த நிலத்தடி உப்புப் படிவிலிருந்து அந்த உப்பு இன்றைக்கும் வருகிறது. உப்புத் தண்ணீர் பூச்சியம் பாகையிலும் உறையாது என்பதால் தெரு வழுக்காது, உயிர்கள் தப்புகின்றன. ஆனால் சில்லு வாரி அடிக்கிற அந்தத் தண்ணீர் காரின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. உப்பு, காற்றில் உள்ள ஈரத்தையும் இழுத்து வைத்திருக்கும். தெரு காய்ந்த பிறகும் சட்டத்தின் மூலை முடுக்குகள் ஈரமாகவே கிடந்து கறள் பிடிக்கின்றன.

மினி ஓட்டுகிறவர்கள் பின் சப்பிரேமைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவார்கள். முன் சப்பிரேம்மேல் எஞ்சின் ஒயில் கசிந்து கசிந்து படிவதால் அது ஓரளவு தப்பிவிடும். அந்த நம்பிக்கையிலேயே பலர் முன்பக்கத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஒயில் படுவது நடுப்பகுதியில். பம்பருக்குக் கீழே, காற்றும் சேறும் நேராக அடிக்கிற முன் குறுக்குச் சட்டத்துக்கு அந்தக் காப்பு இல்லை. சில்லை முன்னும் பின்னும் அசையாமல் பிடிக்கும் கம்பி அங்கேதான் பூட்டப்பட்டிருக்கிறது. பின்பக்கம் உடம்பின் தரைத் தகட்டோடு சேரும் கால்களும் அதேபோல் கறளுக்குச் சீக்கிரம் இரையாகும்.

போன குளிர்காலம் முடிந்த கையோடு ஒரு தம்பி தன் மினியைக் கொண்டுவந்தார். கடும் பச்சை நிறம், கண்ணாடி மாதிரி மினுங்கியது. பிறேக் பிடித்தால் கார் ஒரு பக்கம் இழுக்கிறது என்பது அவருடைய முறைப்பாடு.

"அண்ணை, பிறேக் பாட்ஸ் மாத்தினாச் சரியாகும்தானே?"

"பொறுங்கோ தம்பி, முதல்ல கீழ பாப்பம்."

குறுக்குச் சட்டத்தின் மேல் கறுப்புப் பூச்சு தடிப்பாக இருந்தது. சின்னச் சுத்தியலால் நடுவில் தட்டினேன். கணீரென்று கேட்டது. ஓரத்துக்குப் போகப் போகச் சத்தம் அடைத்து, கம்பி பூட்டியிருந்த இடத்தில் வெறும் பொத்தென்ற சத்தம்தான் வந்தது. ஸ்க்ரூட்ரைவரின் நுனியை வைத்து லேசாக அழுத்தினேன். பூச்சு உடைந்து நுனி உள்ளே போனது. அந்தத் துளையால் கபில நிறச் செதில்கள் பழைய புத்தகத்தின் தாள்கள் மாதிரி அடுக்கடுக்காக உதிர்ந்தன. பூச்சுத்தான் தகடு மாதிரி வெளியே நின்றிருக்கிறது. பிறேக்கை அழுத்தும்போது அந்தக் கம்பியின் பிடி அசைந்து, சில்லு பின்னுக்கு நகர்ந்து, கார் இழுத்திருக்கிறது.

"தகடு வைச்சு ஒட்டேலாதா அண்ணை?"

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. சுற்றிவர முழுமையாக வெல்டிங் செய்தால் வருடாந்தப் பரிசோதனையான எம்ஓரியில் அதை ஏற்றுக்கொள்வார்கள். நான் ஒட்டுவதில்லை. இது உள்ளே வெறுமையான பெட்டிச் சட்டம். கறள் உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. வெளியில் ஓட்டை தெரியும்போது பக்கத்துத் தகடும் மெலிந்திருக்கும். வெல்டிங் பிடிப்பதற்கு நல்ல இரும்பு வேண்டும். அதோடு, சூட்டில் சட்டம் சிறிது வளைந்தாலும் இரண்டு சில்லுகளும் வேறு வேறு பக்கம் பார்க்கும். முழுச் சப்பிரேமையும் மாற்றுவதுதான் ஒழுங்கான வேலை.

மினியில் இந்த வேலை தலைகீழாக நடக்கும். சட்டத்தைக் கழற்றி எடுப்பதைவிட, காரின் உடம்பைச் சட்டத்திலிருந்து மேலே தூக்குவதே வசதி. முதல் நாளே எல்லாப் போல்ட்டுகளுக்கும் கறள் இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். பிறகு பற்றரியைக் கழற்றி, தண்ணீரையும் ஒயிலையும் வடித்து, பெற்றோல் குழாய், பிறேக் குழாய், கிளச், கியர்த் தடி, புகைக்குழாய், ஸ்ரியரிங் முனைகள் என்று உடம்பையும் சட்டத்தையும் இணைக்கிற ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டும். ஒன்றை மறந்தாலும் தூக்கும்போது அது அறுந்துவிடும். கடைசியாக, மேலே கோபுரம் போல் நிற்கும் இரண்டு பக்கத்துப் போல்ட்டுகள், முன்பக்கத் தாங்கிகள், பின்கால்கள். பின்கால் போல்ட்டுகளின் நட்டுகள் தரைத் தகட்டோடு ஒட்டியவை. அவசரப்பட்டு முறுக்கினால் நட் தகட்டை விட்டுக் கழன்று சும்மா சுற்றும். பிறகு தரையையே வெட்டித் திறக்க வேண்டிவரும். சூடு காட்டி, கொஞ்சம் முறுக்கி, கொஞ்சம் திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி முறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

உடம்பை கிரேனால் தூக்கியதும், எஞ்சினோடு சட்டம் தன் சில்லுகளிலேயே உருண்டு வெளியே வரும். அந்தத் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "காரின்ர பாதி இதுதானே அண்ணை" என்றார். உண்மைதான்.

றப்பர் கோன் ஒருபோதும் விளையாட்டல்ல. அது பெரிய விசையோடு அழுங்கி இருக்கிறது. அதன் நடுத்துளையில் திருகி அழுத்திப் பிடிக்கிற தனிக் கருவி இல்லாமல் மேல் கையைக் கழற்றக் கூடாது. இந்த வேலையை வீட்டில் செய்ய நினைக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

புதுச் சட்டம் வந்ததும் பழையதற்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு துளையையும் ஒப்பிட வேண்டும். மலிவாகச் செய்தவற்றில் துளைகள் தள்ளியிருப்பது உண்டு. வெறும் சட்டத்தையே ஒருமுறை உடம்பில் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் நான் எஞ்சினை ஏற்றுவேன். பெட்டிக்குள்ளே மெழுகு தெளிக்க வேண்டும். தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் அடைக்கக் கூடாது. றப்பர் புஷ்களையும் மூட்டுகளையும் இந்தச் சாட்டோடு புதிதாகப் போடுவது நல்லது. எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் ஏற்றி, பிறகே இறுக்க வேண்டும். கைகளின் புஷ் போல்ட்டுகளைக் கார் சில்லுகளில் நின்ற பிறகுதான் கடைசியாக இறுக்குவது. தொங்கிய நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகிக் கிழிந்துபோகும். பிறேக்கில் காற்றெடுத்து, முன் சில்லுகள் இரண்டும் வெளிப்பக்கம் 1.6 மில்லிமீற்றர் விரிந்து நிற்கும்படி அளந்து வைத்தால் வேலை முடிந்தது. தம்பியின் கார் இப்போது பிறேக் பிடித்தால் நேராக நிற்கிறது. பாட்ஸ் பழையதுதான்.

2018 மே மாதத்திலிருந்து, 40 வருடம் கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு இங்கே எம்ஓரி கட்டாயமில்லை. அரசாங்கம் விலக்கு அளித்தாலும் கறள் விலக்கு அளிக்காது. ஆகவே சொந்தக்காரரே வருடத்துக்கு ஒருமுறை கீழே போய்ப் பார்க்க வேண்டும். உப்புத் தூவுவது நின்றதும் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உப்பு ஈரத்தோடு காரைச் சூடான கராஜில் விடாதீர்கள். சூட்டில் கறள் விரைவாக ஓடும். வாங்கப் போகும் காரில் தடித்த புதுக் கறுப்புப் பூச்சைக் கண்டால், தட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். விற்கிறவர் மறுத்தால் வேறு கார் பாருங்கள்.

நல்ல சப்பிரேமுக்கும் கூலிக்கும் நூற்றுக்கணக்கான பவுண் போகும். வெளியில் யாருக்கும் அது தெரியப்போவதில்லை. இருந்தாலும் கையில் இருக்கிற காசை முதலில் அங்கே போடுங்கள். உங்கள் பக்கத்தில் பிள்ளைகள் ஏறி உட்காருகிற கார் அது. பெயின்ற் அடுத்த வருடம் அடிக்கலாம்.