தலமரம் அல்லாத மரங்கள்

இயற்கையைப் பக்தியோடு நோக்கக் கடவுள் நம்பிக்கை ஒரு வழி; அது மட்டுமே வழி அல்ல. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தை மக்கள் தலமரம் என்று கும்பிடுகிறார்கள். இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரியில், இடுப்பளவு நீரில் நிற்கும் கடம்ப மரங்களுக்குத் தலபுராணம் எதுவும் கிடையாது. ஆனாலும் அவற்றில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரைக்கும் கரண்டிவாயனுக்கும் ஊரே காவல்.

தாங்கல் என்றால் தொண்டை மண்டலத்து வழக்கில் சிறிய ஏரி. முசரவாக்கம் தொடங்கி மதுராந்தகம் வரை ஏரியை நம்பியே நெல் விளைந்த சீமை இது. வேடனின் பெயரைச் சுமக்கும் ஓர் ஊர் வேட்டையைத் தடுத்ததுதான் வியப்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, இனி யாரும் சுடக்கூடாது என்று கௌல் என்னும் உறுதிச் சீட்டு வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். 1936இல் அரசு அந்த ஏரியைச் சரணாலயமாக ஏற்றது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது சேர்ந்தது.

ஊராரின் அக்கறைக்குக் காரணம் வயலில் இருந்தது. பறவை எச்சம் கலந்த ஏரி நீரில் தழைச்சத்து ஏறும். மதகு வழியே அந்த நீர் பாய்ந்த வயலுக்குத் தனியாக எரு தேவைப்படவில்லை. வரமோ சாபமோ இதில் இல்லை. கண்ணால் கண்டறிந்த பயனும், அதற்கான நன்றியும் உண்டு. ஆனால் பயன் ஒன்றே காரணம் என்றால், கடையில் உரமூட்டை வந்த அன்றே இந்தக் காவல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. வேறு ஊரிலும் இப்படி உண்டு: சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகள் ஆசைப்படும் ஒன்றை ஓர் ஊர் தலைமுறை தலைமுறையாக விட்டுக்கொடுக்கிறது என்றால், அதைப் பக்தி என்றே சொல்லலாம்.

கடவுளை முன்னிறுத்தாத மனிதநேயத்தில் இந்த உணர்வுக்கு இடம் உண்டு என்பதற்கு நேருவின் உயில் தெளிவான சான்று. 1954 ஜூன் 21ஆம் தேதியிட்ட அந்த உயிலில், சமயச் சடங்கு எதுவும் தமக்கு வேண்டாம் என்றார். அலகாபாத்தில் ஒரு கைப்பிடிச் சாம்பலைக் கங்கையில் கரைக்கச் சொன்னவர், அதற்கும் சமயப் பொருள் இல்லை என்று விளக்கினார். சிறுவயது முதல் பார்த்த ஆறு, இந்திய மக்களின் நெடிய நினைவுகளைச் சுமக்கும் ஆறு என்பதே காரணம். எஞ்சிய சாம்பலில் பெரும்பகுதியை, உழவர்கள் பாடுபடும் வயல்களில் விமானத்திலிருந்து தூவச் சொன்னார். 1964இல் அவர் மறைந்தபின் அவ்வாறே தூவினார்கள்.