பொம்மை விண்கப்பலும் ஓர் உளுந்தும்

1980களில் தூர்தர்ஷனில் 'ஸ்டார் ட்ரெக்' தொடர் வந்தபோது, வீரகேரளம்புதூரில் எதிர்வீட்டு டிவியில் பார்த்துவிட்டு, பவுடர் டப்பா மூடியையும் இரண்டு பென்சில்களையும் ஒட்டி எண்டர்பிரைஸ் கப்பல் செய்தவன் நான். கடையில் வாங்கிய பொம்மைகள் இப்போதுதான் சேர்கின்றன. மொத்தம் ஒன்பது.

விளையாடுவது என் மகன். கலிலியோ என்ற சிறு ஓடம் எண்டர்பிரைஸுக்குள் போய் நிற்க வேண்டும், கதையில் அப்படித்தான். எங்களிடம் உள்ள இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம்! "ஏமாத்திட்டாங்கப்பா" என்று கோபித்துக் கொண்டான்.

எக்ஸெல் திறந்தோம். ஒரு செல்லில் கதைப்படி கப்பலின் நீளம்: 28900 செ.மீ. (289 மீட்டர்). பக்கத்துச் செல்லில் ஸ்கேலால் அளந்த பொம்மையின் நீளம்: 15. மூன்றாவது செல்லில் சமக்குறி போட்டு, முதல் செல்லைக் கிளிக் செய்து, சாய்கோடு தட்டி, இரண்டாவதைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். சுமார் 1927 வரும். பொம்மையைவிடக் கப்பல் அத்தனை மடங்கு பெரிது.

கலிலியோ 24 அடி, அதாவது சுமார் 730 செ.மீ. 1927ஆல் வகுத்தால் 0.38 செ.மீ.! ஆச்சி அடுக்களையிலிருந்து ஓர் உளுந்து கொடுத்தார். சரியாக இருந்தது.

படப்பிடிப்புக்குச் செய்த எண்டர்பிரைஸ் மாடல் 11 அடிக்கு மேல் நீளம்; 1974 முதல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதற்கேற்ற கலிலியோ சுமார் 8.6 செ.மீ. இதை மகனே கணக்கிட்டான்.

ஒன்பதாவது பொம்மைக்கு வரும்போது கரண்ட் போய்விட்டது. கன்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்தி அடிக்கடி சேவ் செய்யுங்கள், நான் செய்யவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் மறுபடி அளந்தோம். உளுந்தைத்தான் காணவில்லை.