ஒக்டோபரின் இரு துயரங்கள்

1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் புலிகளால் விரட்டப்பட்டதை நாம் மறப்பதில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டதையும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும்.

நமது பதுளை மாவட்டத்திலும் ஓர் ஒக்டோபர் துயரம் உண்டு. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், 2000 ஒக்டோபர் 25 அன்று, 25க்கும் மேற்பட்ட தமிழ்க் கைதிகளை ஒரு கும்பல் கொன்றது. பொலிஸார் தடுக்கவில்லை. 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு ஒருவருக்கும் தண்டனை இல்லையென்றாயிற்று. இதைப் பற்றி நம் தோட்டத்து அயலவரோடு என்றாவது பேசியிருக்கிறோமா?

நம் துயரை மட்டும் கேட்டு வளரும் பிள்ளையின் நெஞ்சில் பகை வளரும். பிறர் துயரையும் கேட்டால் நீதியுணர்வு வளரும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பால் நீதி தவறிவிடக் கூடாதென்பது அல்குர்ஆனின் கட்டளை (5:8). உம்மாமார் இரண்டையும் சொல்லிக் கொடுங்கள். சமாதானம் வீட்டிலிருந்தே தொடங்கும், இன்ஷா அல்லாஹ்.