காந்த மிதத்தல் வழியே புரதம் கண்டறிதல்

காந்த மிதத்தல் வழியே புரதம் கண்டறிதல் என்பது, உயிரியல் மாதிரி ஒன்றில் உள்ள குறிப்பிட்ட புரதத்தை, அது சிறு மணிகளின் அடர்த்தியில் உண்டாக்கும் மாற்றத்தைக் கொண்டு அறியும் பகுப்பாய்வு முறை ஆகும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸின் ஆய்வுக்குழு இம்முறையை உருவாக்கியது. பெயரைக் கேட்டதும் புரதமே காந்தப்புலத்தில் மிதப்பதாகத் தோன்றலாம். உண்மையில் மிதப்பது புரதம் அன்று. புரதத்தைப் பிடித்துக்கொண்ட மணியே. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் முறையின் வலிமை, வரம்பு இரண்டும் எளிதில் விளங்கும்.

செயல்படும் விதம்

நீர், நெகிழி, புரதம் முதலியவை டயா காந்தத்தன்மை கொண்டவை. காந்தப்புலம் இவற்றை மிக மெல்லவே தள்ளுகிறது. காற்றில் இவற்றைத் தூக்கி நிறுத்தச் சாதாரண நிலைக்காந்தம் போதாது. ஆகவே மணிகளை மாங்கனீசு குளோரைடு அல்லது காடோலினியம் சேர்மங்கள் கரைந்த நீரில் இடுகின்றனர். இக்கரைசல் பாரா காந்தத்தன்மை உடையது. புலம் வலுவாக உள்ள இடத்தை நோக்கி இழுக்கப்படும். இரண்டு நியோடிமியம் காந்தங்கள், ஒத்த முனைகள் எதிரெதிரே இருக்குமாறு, மேலும் கீழுமாகப் பொருத்தப்படுகின்றன. வழக்கமான அமைப்பில் இடைவெளி சுமார் 4.5 செ.மீ. நடுப்புள்ளியில் இரு புலங்களும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்கின்றன. கரைசல் இரு காந்தங்களையும் நாடிச் செல்ல, மணி நடுப்பகுதிக்கு ஒதுக்கப்படுகிறது. அரங்கில் எல்லோரும் இரு வாசல்களை நோக்கி முண்டியடிக்கும்போது, அவசரமில்லாத ஒருவர் நடுவில் விடப்படுவதைப் போன்றது இது.

புவியீர்ப்பும் சேரும்போது, கரைசலைவிட அடர்த்தி கூடிய மணி நடுவுக்குக் கீழேயும், குறைந்த மணி மேலேயும் நிலைகொள்ளும். இந்த உயரம் அடர்த்திக்கு ஏற்ப ஒரே சீராக மாறுவதால், ஓர் அளவுகோலை அருகில் வைத்து உயரத்தைப் படித்தாலே அடர்த்தி தெரிந்துவிடும். மின்சாரம் தேவையில்லை. 2009இல் இக்குழு வெளியிட்ட அளவீடுகளில் கன செ.மீ.க்கு 0.0002 கிராம் அளவிலான துல்லியம் எட்டப்பட்டது.

மணி எதற்கு?

நீரைவிட அடர்த்தி கூடியது என்பதால் (கன செ.மீ.க்கு ஏறத்தாழ 1.35 கிராம்) புரதத்தை நேரடியாகவே மிதக்கவிடலாமே என்று கேட்கலாம். தடை அதன் சிறுமையில் உள்ளது. குருதியில் மிகுந்திருக்கும் அல்புமினின் ஒற்றை மூலக்கூற்றை நீருக்குள் 1 செ.மீ. உயர்த்தத் தேவைப்படும் ஆற்றல், அறை வெப்பநிலையில் அம்மூலக்கூற்றை ஓயாமல் அலைக்கழிக்கும் வெப்ப ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. கரைந்த புரதம் ஓர் உயரத்தில் நிற்காது, எங்கும் பரவிவிடும். கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள மணிக்கு இந்தத் தொல்லை இல்லை.

2012இல் வெளியான ஆய்வில் களித்தன்மை கொண்ட நுண்துளை மணிகள் பயன்பட்டன. மணியினுள் சல்ஃபோனமைடு மூலக்கூறுகள் பிணைக்கப்பட்டன. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் நொதி இவற்றை இறுகப் பற்றும். நொதி உள்ளே ஊடுருவிப் பிணையப் பிணைய, மணியின் அடர்த்தி கூடி அது கீழிறங்கியது. இறங்கிய தொலைவைக் கொண்டு புரதத்தின் செறிவையோ, அது மூலக்கூற்றைப் பற்றும் வலிமையையோ கணக்கிட முடிந்தது. ஆனால் புரதம் மணிக்குள் பரவ நெடுநேரம் பிடித்தது. 70,000 டால்டனுக்கு மேற்பட்ட புரதங்கள் துளைகளில் நுழையவே இல்லை. நோயறிதலில் பெரிதும் தேடப்படும் எதிர்ப்பொருள்கள் சுமார் 1,50,000 டால்டன் நிறையுடையவை என்பதால், இது சிறிய குறையன்று.

உலோகம் பூசும் வழி

2015இல் இதே குழு இக்குறைக்கு விடை கண்டது. புரதம் மணிக்குள் நுழைய வேண்டியதில்லை; மேற்பரப்பில் ஒட்டினால் போதும். ஆனால் மேற்பரப்பில் ஒட்டும் புரதத்தின் எடை மணியை அசைக்கப் போதாது. எனவே தங்க நுண்துகள் ஏற்றிய மூலக்கூறு ஒன்று அப்புரதத்தோடு பிணைக்கப்படுகிறது. பின்னர் மணி உலோக உப்புக் கரைசலில் இடப்படும்போது, தங்கத் துகள்களை வித்தாகக் கொண்டு வெள்ளியோ தங்கமோ படிகிறது. பாலிஸ்டைரீன் நெகிழியின் அடர்த்தி 1.05; வெள்ளியினுடையது 10.5. மெல்லிய படிவே மணியைக் கண்ணுக்குத் தெரியுமாறு கீழிறக்கிவிடும்.

எலைசா சோதனையை ஒட்டி இதற்கு டெலைசா என்று பெயரிட்டனர். கல்லீரல் அழற்சி சி நச்சுயிரியின் புரதத்துக்கும், சிபிலிஸ் நோய் நுண்ணுயிரியின் புரதத்துக்கும் எதிரான எதிர்ப்பொருள்கள் ஒரே சீரத்தில் ஒருங்கே கண்டறியப்பட்டன. பாலில் கலந்திருக்கும் நியோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியும் போட்டிப் பிணைப்பு முறையில் அளக்கப்பட்டது. மின்வசதியற்ற மருத்துவ நிலையங்களுக்கு இது ஏற்றது எனப்படுவது அளவைப் படிக்கும் கட்டத்துக்குப் பொருந்தும். அதற்கு முன்னுள்ள வேலை அவ்வளவு எளிதன்று: எதிர்ப்பொருள்கள், தங்கத் துகள்கள் போன்ற வேதிப்பொருள்கள் கையில் இருக்க வேண்டும்; உலோகம் படியும் நேரத்தையும் கவனமாகக் கட்டுப்படுத்த வேண்டும்.

மணியில்லா முயற்சிகள்

இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள் கலந்த நீர்மத்தில் பிளாஸ்மா புரதங்களையே மிதக்கவிட்டு, தோன்றும் பட்டைகளின் வடிவத்தைக் கொண்டு நோயறிய முயன்ற ஆய்வுகளும் வந்துள்ளன. மேலே கண்ட ஆற்றல் கணக்கு இங்கும் பொருந்தும். தனித்துக் கரைந்த புரத மூலக்கூறுகள் பட்டையாக நிற்க இயலாது. பட்டை தெரிந்தால், திரண்டுவிட்ட புரதக் கட்டிகளையோ, துகள்களோடு சேர்ந்த திரள்களையோ முதலில் ஐயுறுவதே முறை. எந்தப் புரதம் அங்கே உள்ளது என்பதையும் பட்டை தானாகச் சொல்லாது; அதனைப் பிரித்தெடுத்து நிறைமாலை போன்ற வேறு சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.