விண்டோஸ் திறக்கவில்லையா? பார்மட் போடும் முன் ஒரு பென் டிரைவ்

வீட்டு லேப்டாப் ஒருநாள் விண்டோஸுக்குள் போகாமல் நின்றுவிடுகிறது. கடைக்கு எடுத்துப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில்: "பார்மட் பண்ணிடலாம்". பார்மட் செய்தால் லேப்டாப் ஓடும். ஆனால் அதிலிருந்த கல்யாணப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் போய்விடும். ஹார்ட் டிஸ்க் நல்ல நிலையில் இருந்து விண்டோஸ் மட்டும் கெட்டிருந்தால் இந்த இழப்பு தேவையே இல்லை. பென் டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டு, கோப்புகளை வெளியே எடுத்துவிடலாம். லினக்ஸ் மின்ட் இதற்கு நன்றாகப் பொருந்தும். இலவசம், பார்வைக்கும் விண்டோஸ் போலவே இருக்கும்.

லேப்டாப்பை ஆன் செய்ததும் முதலில் இயங்குவது மதர்போர்டில் உள்ள யுஇஎஃப்ஐ என்ற சிறிய மென்பொருள். ஃபேட் 32 முறையில் பார்மட் செய்த பார்ட்டிஷனை அது படிக்கும். அதில் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டரும், அதற்குள் பூட் ஃபைலும் இருந்தால் எடுத்து இயக்கும். அவ்வளவுதான் சூட்சுமம். எனவே பென் டிரைவ் முழுவதையும் லினக்ஸுக்குக் கொடுக்க வேண்டியதில்லை, ஒரு பகுதி போதும்.

64 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுத்து, நன்றாக ஓடும் வேறொரு விண்டோஸ் 10 அல்லது 11 கணினியில் செருகுங்கள். அதில் ஏற்கெனவே உள்ளவை அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறிடத்தில் காப்பி செய்துகொள்ளுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பென் டிரைவின் பார்ட்டிஷனை நீக்குங்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்க்கும் அதே திரையில்தான் தெரியும். கொள்ளளவைப் பார்த்து, எது பென் டிரைவ் என்று உறுதி செய்த பிறகே கை வையுங்கள். பிறகு 8 ஜிபி அளவில் ஒரு பார்ட்டிஷன் உருவாக்கி ஃபேட் 32 முறையிலும், மீதி இடத்தில் இன்னொன்று உருவாக்கி எக்ஸ்ஃபேட் முறையிலும் பார்மட் செய்யுங்கள்.

லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ ஃபைலை அதன் அதிகாரபூர்வ தளத்திலிருந்தே இறக்குங்கள். சுமார் 3 ஜிபி இருக்கும். அதை டபுள் கிளிக் செய்தால் ஒரு டிரைவ் போலத் திறக்கும். உள்ளே இருப்பவை அனைத்தையும், ஒன்று விடாமல், அந்த 8 ஜிபி பார்ட்டிஷனில் காப்பி செய்தால் வேலை முடிந்தது.

யுஇஎஃப்ஐ இல்லாத மிகப் பழைய கணினிகளுக்கு இந்த வழி உதவாது. அவற்றுக்கு ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாம். ஆனால் அது பென் டிரைவ் முழுவதையும் அழித்துவிட்டுத்தான் எழுதும்.

இனி கெட்டுப்போன லேப்டாப்பில் பென் டிரைவைச் செருகி ஆன் செய்யுங்கள். உடனே டெல், லெனோவா என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பூட் மெனு வரும். அதில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் மெமரியில்தான் ஓடுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் தானாக எதையும் எழுதாது. ஃபைல் மேனேஜரில் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்து, தேவையானவற்றைப் பென் டிரைவின் இரண்டாவது பார்ட்டிஷனுக்குக் காப்பி செய்துகொள்ளலாம். இரண்டாகப் பிரித்ததே இதற்காகத்தான். டிஸ்க்கில் எழுத முடியாது என்று எச்சரிக்கை வந்தாலும் பரவாயில்லை, நமக்குப் படிக்க முடிந்தால் போதும்.

பிட்லாக்கர் போடப்பட்ட டிஸ்க் என்றால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பெரும்பாலும் அது லேப்டாப் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். மொபைலில் லாகின் செய்தே பார்க்கலாம். டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தால் எதையும் முயலாமல் அணைத்துவிட்டு, டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுங்கள்.

டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால்' என்றொரு ஐகான் இருக்கும். கோப்புகள் எல்லாம் பத்திரமாக வெளியே வரும்வரை அதைத் தொடாதீர்கள், பிள்ளைகளையும் தொட விடாதீர்கள். அதில் தவறான தேர்வைக் கொடுத்தால் ஹார்ட் டிஸ்க் முழுவதும் அழிந்துவிடும்.