கைத்திரையில் வழிநூல்

நூல்களை முதனூல், வழிநூல் என இருவகையாகப் பகுத்த தொல்காப்பியர், வழிநூலை மேலும் நான்காக வகுத்தார். விரிந்ததைத் தொகுத்தல், தொகுத்ததை விரித்தல், அவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் தொகைவிரி, பிறமொழியிலுள்ளதைத் தன்மொழிக்குக் கொணரும் மொழிபெயர்ப்பு என்பன அவை. முன்னோர் ஒருவர் செய்ததைப் பின்னோர் ஒருவர் மீளச் செய்வதை நம் மரபு இழிவாகக் கருதவில்லை என்பதும், அங்ஙனம் செய்வதற்கு முறையொன்று உண்டென அது வற்புறுத்திற்று என்பதும் இப்பாகுபாட்டாற் புலனாகும். ஏட்டுக்கும் எழுத்துக்கும் உரிய இம்முறையை, இக்காலத்து வீடியோ விளையாட்டுகளுக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சிறப்பாக, தொலைக்காட்சிப் பெட்டிக்கெனவும் விளையாட்டுக்கூடங்களுக்கெனவும் முன்னர் ஆக்கப்பட்ட தாவல் விளையாட்டுகள், பின்னர்க் கையடக்கக் கருவிகளுக்காக எவ்வாறு மீள ஆக்கப்பட்டன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இவ்வெண்ணம் எனக்குத் தோன்றிய இடம் நற்பிட்டிமுனை. அவ்வூரில் உறவினர் இல்லமொன்றுக்குச் சென்றிருந்தபோது, பத்து வயதுச் சிறுவன் ஒருவன் திண்ணையிலிருந்து உள்ளங்கையளவான கருவியொன்றில் விளையாடிக்கொண்டிருந்தான். கல்முனைக் கடைத்தெருவிலே வாங்கியது. நானூறு விளையாட்டுகள் அதனுள் அடங்கியிருப்பதாகப் பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருந்தது. அவன் ஆடிக்கொண்டிருந்தது 1985ஆம் ஆண்டிலே யப்பானில் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’. தொலைக்காட்சிக்கு உரிய படம் முழுவதும் அச்சிறு திரையிலே நெருக்கி வைக்கப்பட்டிருந்தது. எழுத்துகள் எறும்புகள் போலாயின. குழியின் விளிம்பும் நிலமும் ஒன்றாய் மயங்கின. சிறுவன் ஒரே குழியில் மும்முறை வீழ்ந்தான். இதனை ஆக்கியவர் யார் என அவனை வினவினேன். சீனாவிலே செய்தது என்றான். கருவி பிறந்த நாட்டை அறிந்திருந்தான். விளையாட்டை ஆக்கியோனை அறிந்திலன். அது அவன் பிழையன்று. கருவியில் எவ்விடத்தும் அப்பெயர் இல்லை.

தாவல் விளையாட்டு எனப்படுவது யாது? திரையிலே தோன்றும் உருவமொன்றை நாம் பொத்தான்களால் இயக்குகின்றோம். அவ்வுருவம் தட்டுகளின்மேல் ஓடும், ஏணியில் ஏறும், குழியையும் பகையையும் தாவிக் கடக்கும். 1981ஆம் ஆண்டு நின்டென்டோ நிறுவனத்திற்காக ஷிகேரு மியாமோட்டோ என்பார் வகுத்த ‘டொங்கி கொங்’ இவ்வகையின் ஆதிநூல்களுள் ஒன்று. மனிதக்குரங்கொன்று இரும்புச் சாரத்தின் உச்சியிலே நின்று பீப்பாய்களை உருட்டிவிட, கீழே நிற்கும் தச்சன் அவற்றைத் தாவிக் கடந்து மேலேறிச் சிறைப்பட்ட பெண்ணை மீட்பதே கதை. கட்டங்கள் நான்கே. அத்தச்சனே பின்னர் மாரியோ என்னும் பெயருடன் உலகப்புகழ் எய்தினான். அவனைத் தலைவனாகக் கொண்ட 1985ஆம் ஆண்டு விளையாட்டு, நிலத்தை நீளவாக்கில் விரித்தது. ஓடுபவனுடன் திரையும் நகர்ந்தது.

இவ்விளையாட்டுகளின் உயிர் எங்கே தங்கியுள்ளது என்பதை முதலில் அறிதல் வேண்டும். தாவலின் நீளத்துக்கும் குழியின் அகலத்துக்கும் இடையே ஓர் அளவு உண்டு. கண் காணும் தொலைவுக்கும் கால் விரையும் வேகத்துக்கும் இடையே ஓர் அளவு உண்டு. இவ்வளவுகளே விளையாட்டின் உயிர். வெண்பாவுக்குத் தளை எத்தகையதோ, தாவல் விளையாட்டுக்கு இவை அத்தகையன. சொற்கள் யாவும் இருந்தும் தளை பிழைப்பின் வெண்பா இல்லையாவது போல, ஓவியம் யாவும் இருந்தும் அளவு பிழைப்பின் விளையாட்டு இல்லையாகும்.

கணக்கினால் இதனைத் தெளியலாம். மூல விளையாட்டின் திரை குறுக்கே 256 புள்ளியும் நெடுக்கே 240 புள்ளியும் உடையது. நிலமும் செங்கல்லும் 16 புள்ளிச் சதுரங்களால் ஆனமையால், குறுக்கே 16 சதுரமும் நெடுக்கே 15 சதுரமும் ஒருங்கே தோன்றும். 1989இல் வெளிவந்த ‘கேம் போய்’ என்னும் கைக்கருவியின் திரையோ 160க்கு 144 புள்ளி. குறுக்கே 10 சதுரமும் நெடுக்கே 9 சதுரமுமே அதில் அடங்கும். மாரியோ முழுவேகத்தில் ஓடும்போது வினாடிக்கு ஏறத்தாழ 150 புள்ளி கடக்கின்றான். அவன் திரையின் நடுவில் நிற்பதாகக் கொண்டால், பெருந்திரையில் அவன் முன்னேயுள்ள வெளி 128 புள்ளி. சிறுதிரையில் 80 புள்ளி. முன்னதிலே, வரும் குழியைக் கண்டு தாவுதற்கு முக்கால் வினாடிக்குச் சற்று மிகுதியான காலம் உண்டு. பின்னதிலே ஏறத்தாழ அரைவினாடியே உண்டு. ஆகவே படத்தைச் சுருக்கினால் தெளிவு கெடும்; சுருக்காது ஓரங்களை வெட்டினால் முன்னறிவு கெடும். இவ்விரண்டிற்கும் நடுவே வழிகண்டவரே நல்ல வழிநூலாசிரியர்.

முதலாவது, தொகுத்தல். 1982இல் நின்டென்டோ நிறுவனம் ‘டொங்கி கொங்’கைப் புத்தகம்போல் மடிக்கத்தக்க இருதிரைக் கைக்கருவியாக வெளியிட்டது. அதன் திரைகளில் உருவங்கள் புள்ளிகளால் வரையப்படவில்லை. தச்சன் நிற்கக்கூடிய ஒவ்வோரிடத்துக்கும் ஒவ்வொரு வடிவம் முன்னரே பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வடிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறையும். தாவலின் வளைவு அங்கு இல்லை. தாவவேண்டிய கணம் மட்டுமே எஞ்சியது. கீழ்த்திரையிலே பீப்பாய்களைக் கடந்து, மேல்திரையிலே பாரந்தூக்கியின் கொக்கியை நோக்கித் தாவும் அளவுக்கு நான்கு கட்டங்களும் தொகுக்கப்பட்டன. இக்கருவியை ஆக்கிய குன்பெய் யோக்கொய் என்பார், நான்கு திசைக்கும் நான்கு தனிப்பொத்தான் வைப்பதை விடுத்து, ஒரே பெருவிரலால் இயக்கத்தக்க சிலுவை வடிவான பொத்தானை இதிலே அமைத்தார். பின்வந்த எண்ணற்ற விளையாட்டுக் கருவிகள் அதனைப் பின்பற்றின. சுருங்கிய இடத்தில் நூலைத் தொகுக்கப் புகுந்தவர் புதிய எழுதுகோலையே கண்டுபிடித்தார் எனலாம்.

இரண்டாவது, விரித்தல். அதே ‘டொங்கி கொங்’ 1994இல் ‘கேம் போய்’ கருவிக்காக மீண்டும் ஆக்கப்பட்டது. விளையாடுவோன் பழைய நான்கு கட்டங்களையும் முடிக்கின்றான். பெண்ணை மீட்டதாகக் கருதுகின்றான். அப்போது குரங்கு எழுந்து அவளை மீண்டும் கவர்ந்து ஓடுகின்றது. அதன்பின் 97 புதிய கட்டங்கள் தொடங்குகின்றன. 4 கட்டங்கள் 101 ஆயின. திரை சிறிதென்பதை அறிந்த ஆசிரியர்கள், விரைந்தோடும் விளையாட்டாக அதனை வளர்க்கவில்லை. திறவுகோலைத் தேடி எடுத்துக் கதவுக்குக் கொண்டுசெல்லும் புதிராக வளர்த்தனர். கைகளால் நின்று தாவுதல், பின்புறமாகச் சுழன்று தாவுதல் முதலிய புதிய திறன்களையும் தச்சனுக்கு அளித்தனர். நீண்ட தொலைவைக் காணவியலாத கண்ணுக்கு, நின்று நிதானித்துச் சிந்திக்கும் விளையாட்டே பொருந்தும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மூன்றாவது, தொகைவிரி. 1999இல் வண்ணத்திரை கொண்ட ‘கேம் போய் கலர்’ கருவிக்கு ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்’ வெளிவந்தது. மேலே காட்டிய கணக்கின்படி இதன் காட்சி குறைந்தது. உருவங்களின் அளவு மாறாமையால் ஓரங்கள் வெட்டுண்டன. அக்குறையை ஈடுசெய்ய, மேலும் கீழும் நோக்கும் வசதி சேர்க்கப்பட்டது. எனினும் பழகியோர்க்கும் இடர் தோன்றவே செய்தது என்பதை மறைத்தல் நன்றன்று. மறுபுறத்தே நூல் விரிந்தது. யப்பானில் 1986இல் வெளிவந்த கடினமான இரண்டாம் பாகமும் இதனுள் அடங்கிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் சிவப்புக் காசுகளைத் தேடும் புதிய பகுதியும் சேர்ந்தது. யாவற்றிலும் பயனுடையது, ஆட்டத்தை இடையில் நிறுத்திப் பதிந்துவைக்கும் வசதி. மூல விளையாட்டில் அது இல்லை. வீட்டிலே தொலைக்காட்சியின் முன் இருப்பவனுக்கு அது இன்றியமையாததன்று. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் பஸ்ஸிலே செல்பவனுக்கு அது வேண்டும். கைக்கருவி திரையை மட்டுமன்றிக் காலத்தையும் துண்டாக்குகின்றது என்பதை இவ்வாசிரியர்கள் கண்டனர்.

நான்காவது, மொழிபெயர்ப்பு. 1990இல் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ வேர்ல்ட்’, 2001இல் ‘கேம் போய் அட்வான்ஸ்’ என்னும் கைக்கருவிக்குப் பெயர்க்கப்பட்டது. அக்கருவியின் திரை 240க்கு 160 புள்ளி. அகலத்திலே ஒரு சதுரமே குறைந்தது, உயரத்திலே நான்கு குறைந்தன. மூலக் கருவியில் இருந்த பொத்தான்களில் இரண்டு இதில் இல்லை. ஆதலால் சுழன்று தாவும் செயல், வலத்தோளிலுள்ள பொத்தானுக்கு மாற்றப்பட்டது. அக்காலத்து அக்கருவியின் திரைக்குத் தன்னொளியும் இல்லை, வெளியொளியிலேயே காணவேண்டும். எனவே நிறங்கள் யாவும் வெளிறும்படி ஒளியூட்டப்பட்டன. பின்னர் ஒளியுள்ள திரைகளில் அதனைக் கண்டோர், மூலத்தின் ஆழ்ந்த நிறம் போயிற்றே எனக் குறைகூறினர். மொழிபெயர்ப்பாளன் தன் காலத்து வாசகனுக்காகச் செய்த சலுகை, பின்வந்த வாசகனுக்குப் பிழையாகத் தோன்றுவது இலக்கியத்திலும் காணும் இயல்பன்றோ?

இந்நால்வகையுடன் நம் பதிப்பாசிரியர் போற்றும் இன்னொரு முறையும் இத்துறையில் உண்டு. அது மூலமும் உரையுமாக வெளியிடுதல். 1986ஆம் ஆண்டின் ‘மெட்ரொய்ட்’ என்னும் விளையாட்டு, சுரங்கங்களின் ஊடே வழிதேடும் தாவல் விளையாட்டாகும். அதில் நிலப்படம் இல்லை. 2004இல் வந்த ‘ஸீரோ மிஷன்’ என்னும் அதன் கைக்கருவி வழிநூல், நிலப்படத்தைச் சேர்த்தது. கதை முடிந்த இடத்துக்கு அப்பாலும் ஒரு பகுதியைத் தொடர்ந்தது. வழிதவறி அலைதலே மூலத்தின் சுவை என்பார்க்கு நிலப்படம் இடையூறு. வழியறியாது கைவிட்டார்க்கு அதுவே உரை. இவ்வழக்கைத் தீர்க்க எளிய வழியொன்றை ஆசிரியர்கள் கண்டனர். புதிய விளையாட்டை முற்ற முடித்தவனுக்கு, 1986ஆம் ஆண்டு மூலமும் அதே பேழையினுள் திறக்கப்படும். உரையைக் கற்றவன் மூலத்தைத் தானே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இவையெல்லாம் சிறுவர் விளையாட்டுத்தானே, இத்துணை ஆராய்ச்சி எற்றுக்கு என வினவுவோர் இருக்கலாம். இவ்வாக்கங்கள் அழிந்து வருகின்றன என்பதே விடை. 1982இல் ஆக்கிய கருவியின் திரை மங்கும். பேழையினுள் பதிவைக் காக்கும் மின்கலம் தீரும். 2023இல் வெளிவந்த ஆய்வொன்று, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளுள் 87 சதவீதம் இன்று முறைப்படி விலைக்குக் கிடைப்பதில்லை எனக் கண்டது. அதே ஆண்டு மார்ச் 27ஆம் நாள், நின்டென்டோவின் ‘3டிஎஸ்’ கைக்கருவிக்குரிய இணையக்கடை மூடப்பட்டது. பல பழைய ‘கேம் போய்’ விளையாட்டுகளை வாங்கும் வழியொன்று அத்துடன் அடைபட்டது. வேறு சில, சந்தா செலுத்துவோர்க்கு வழங்கப்படுகின்றன. சந்தா நின்றால் நூலும் நின்றுவிடும். இந்நிலையிலே உரியவர் இசைவின்றிப் பெயர்த்தெடுத்த மலிவான கருவிகளே நம் ஊர்ச் சிறுவர்க்கு எஞ்சுகின்றன. அவற்றை முற்றாக இகழ்தலும் அரிது. ஏட்டைப் பார்த்து ஏடெழுதியவன் பிழைபட எழுதினும், அவன் எழுதாதிருப்பின் சில நூல்கள் நமக்கு எட்டியிரா. ஆனால் ஏடெழுதுவோன் வேறு, வழிநூல் செய்வோன் வேறு என்பதை நாம் மறத்தலாகாது.

அவ்வேறுபாட்டை அறிய நாம் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. நற்பிட்டிமுனைக்குச் சில மைல் தெற்கேயுள்ள காரைதீவிலே 1892இல் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். வழக்கொழிந்த யாழை அவர் ஆராய்ந்து 1947இல் ‘யாழ் நூல்’ அரங்கேற்றினார். பழைய யாழ் எதுவும் அவர் கையிலே இருந்ததில்லை. நரம்புகளின் நீளத்துக்கும் சுரங்களுக்கும் இடையேயுள்ள விகிதத்தை இலக்கியத்திலிருந்தும் கணிதத்திலிருந்தும் மீட்டார். மரம் உளுத்துப் போகலாம். அளவு மீட்கப்படின் யாழ் மீளும். தாவல் விளையாட்டுக்கும் அஃதே விதி. கருவிகள் அழியும். தாவலுக்கும் குழிக்கும் இடையேயுள்ள அளவை உணர்ந்து புதிய திரையில் நிறுவுவோர் உள்ளவரை விளையாட்டு அழியாது.

நம் மரபு வழிநூலுக்கு விதித்த கடமை இன்னொன்றும் உண்டு. ஆக்கியோன் பெயரும் நூல் வந்த வழியும் பாயிரத்திலே கூறப்படல் வேண்டும். நல்ல வழிநூல்கள் முடிவுத்திரையிலே தம்மை ஆக்கியோர் பெயர்களைக் காட்டுகின்றன. திண்ணையிலே கண்ட கருவியில் நானூறு நூல்கள் இருந்தன; பாயிரம் ஒன்றுதானும் இல்லை.

ஆதலால் அன்று மாலை அப்பாயிரத்தை நானே கூற நேர்ந்தது. அவன் வீழ்ந்த குழியை வகுத்தவர் மியாமோட்டோவும் தக்காஷி தெசுக்காவும் என்றேன். அக்காலத்திலே கட்டங்கள் யாவும் முதலிற் சதுரக்கோட்டுத் தாளிலே கையால் வரையப்பட்டன என்றும் கூறினேன். சிறுவன் கருவியைக் கீழே வைத்தான். “அப்ப என்ர கணக்குக் கொப்பியிலயும் கீறலாமா?” என்று கேட்டான். கீறலாம் என்றேன். அவ்வினாவை இக்கல்லூரி மாணவர் முன்னும் வைத்து அமைகின்றேன்.