உயரமானிக்கு நாம் சொல்லும் எண்

1989 பிப்ரவரி 19, காலை. சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் சுபாங்கிற்கு வந்துகொண்டிருந்த ஃப்ளையிங் டைகர் போயிங் 747 சரக்கு விமானத்தை 2,400 அடிக்கு இறங்கச் சொன்னார் கட்டுப்பாட்டாளர். எண்ணை ‘டூ ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று தனித்தனி இலக்கமாகச் சொன்னார். முதல் ‘டூ’ விமானியின் காதில் இலக்கமாக விழவில்லை; ‘-க்கு’ என்று பொருள்படும் ஆங்கில ‘டூ’வாகவே விழுந்தது. ‘ஃபோர் ஸீரோ ஸீரோ’ என்று திருப்பிச் சொன்னார். அதை யாரும் திருத்தவில்லை. 400 அடியை நோக்கி இறங்கிய விமானம் பூச்சோங் அருகே குன்றில் மோதியது. தரை நெருங்குகிறது என்று எச்சரிக்கைக் கருவி அலறியும் விமானம் மேலெழவில்லை. நால்வர் இறந்தனர்.

அங்கே தவறியது காதில் விழுந்த எண். உயரமானியில் கையால் திருகி வைக்கும் எண் தவறினாலும் ஆபத்து அதேதான்.

உயரமானி தரையைப் பார்ப்பதில்லை. காற்றழுத்தத்தை அளந்து, அதை அடிக்கணக்கில் காட்டுகிறது. கடல்மட்டத்தில் இன்று என்ன அழுத்தம் என்பதை விமானிதான் அதற்குச் சொல்ல வேண்டும். ஒரு ஹெக்டோபாஸ்கல் பிசகினால் ஏறத்தாழ 28 அடி பிசகும். 2022 மே மாதம் பாரிஸில் தரையிறங்க வந்த ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கு 1001க்குப் பதில் 1011 என்று சொல்லிவிட்டார்கள். பத்தே ஹெக்டோபாஸ்கல்தான், ஆனால் அது 280 அடி! ஓடுபாதைக்கு வெகு முன்பே தரையிலிருந்து ஆறடி உயரம்வரை இறங்கிவிட்டுத்தான் அது மேலெழுந்து தப்பியது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அழுத்தம் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. அதனாலேயே அசட்டை வந்துவிடும் என்பது என் அச்சம். காலை பத்து மணியளவில் உச்சத்தில் இருக்கும் அழுத்தம், மாலை நான்கு மணிக்குள் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் குறைந்துவிடும். காலையில் வைத்த எண்ணோடு மாலையில் திரும்பும் சிறு விமானத்தின் உயரமானி, உள்ளதைவிட ஏறத்தாழ நூறடி கூடுதலாகக் காட்டும். புகைமூட்ட நாளில் அந்த நூறடி உயிர்ப்பிரச்சினை.

தனியாகப் பறப்பவருக்குப் பக்கத்தில் இருந்து ‘என்ன எண் வைத்தீர்கள்?’ என்று கேட்க ஆளில்லை. ஆகவே செக்லிஸ்ட்டை வாய்விட்டுப் படித்து, திருகியைத் தொட்டு, எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். நடுவில் வானொலி அழைத்தால், பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்தை ஊகிக்காமல் முதல் வரியிலிருந்தே தொடங்க வேண்டும். இறங்குவதற்கான பட்டியலை, வேலை குவியும் முன்பே முடித்துவிட வேண்டும். புறப்படும்போது இன்னொரு சோதனையும் உண்டு: சுபாங் ஓடுதளம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 90 அடி உயரத்தில் இருக்கிறது. சரியான எண்ணை வைத்தால் நிற்கும் இடத்திலேயே முள் அதைக் காட்டும். வெகுவாக விலகிக் காட்டினால், விமானத்தை நகர்த்தாமல் காரணத்தைத் தேட வேண்டும்.